மணலி குடோன் தரை: ஃபைபர் போட்டால் கட்டிங் வேண்டாமா?

மணலி_சைட்:
5,000 சதுர அடி குடோன் தரை. 150 மி.மீ. கனம், எம்25 தர கான்கிரீட், பிபிசி (சாம்பல் மாதிரி பொசலானா கலந்த) சிமெண்ட், பிளாண்டில் கலந்து ஆர்.எம்.சி. லாரியில் வருகிறது. முதல் பட்டை காலை 10 மணிக்கு ஊற்றினது, மூணு மணி நேரத்துக்குள் மேலே வெடிப்பு. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, ஒண்ணரை அடி, இரண்டடி இடைவெளியில் இருக்கு. ஓரம் வரை எதுவும் போகல. மிச்சம் 60 கன மீட்டருக்கு பாலிப்ரோப்பிலீன் ஃபைபர் (மெல்லிய பிளாஸ்டிக் இழை) போட்டால் கம்பி வலையும் வேண்டாம், கட்டிங்கும் (வெடிப்பு கண்ட இடத்தில் வராமல் இருக்க தரையில் மெஷினால் வெட்டும் கோடு) வேண்டாம் என்கிறார் காண்ட்ராக்டர். சரியா? எவ்வளவு போடணும்?

கலவைக்கணக்கு:
பாதி சரி. நீங்கள் சொல்வது கான்கிரீட் இறுகும் முன்பே வரும் சுருக்க வெடிப்பு. கீழிருந்து ஊறி மேலே வரும் தண்ணீரைவிட வேகமாக மேற்பரப்பு காய்ந்தால் வரும். அதுக்கு ஃபைபர் நன்றாகவே வேலை செய்யும். கன மீட்டருக்கு 900 கிராம், 12 மி.மீ. நீளம். 6 கன மீட்டர் லாரிக்கு 5.4 கிலோ, உங்களுக்கு மொத்தம் 54 கிலோ. (சைட்டில் கலக்கினால் சிமெண்ட் மூட்டைக்கு 125 கிராம், கன மீட்டருக்கு ஏழு மூட்டைக் கலவைக்கு கிட்டத்தட்ட அதே கணக்குதான் வரும்.)

காலி டிரம்மில் முதலில் கொட்டினால் உருண்டை கட்டும். கலவை தயாரானதும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துப் போட்டு, முழு வேகத்தில் குறைந்தது 5 நிமிடம் சுற்றவிடுங்கள். போட்டதும் ஸ்லம்ப் (கலவையின் இளக்கம்) குறைந்த மாதிரி தெரியும். அந்த நேரத்தில் டிரைவர் ஹோஸ் பைப்பைத் தூக்குவார், விடாதீங்க. தண்ணீர் சேர்க்காமலே கலவையை இளக்கும் சூப்பர்பிளாஸ்டிசைசர் மருந்தின் டோஸை பிளாண்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றினால் பிற்பாடு காயும்போது சுருக்கம் கூடும், ஃபைபருக்குக் கொடுத்த காசு வீண்.

கட்டிங் வேண்டாம் என்பது தப்பு. கெட்டியான பிறகு மாதக்கணக்கில் வரும் சுருக்கத்தை இந்த 900 கிராம் தாங்காது. 4 மீட்டருக்கு ஒரு கட்டிங், ஆழம் 40 முதல் 50 மி.மீ. தூண்களைச் சுற்றித் தரை தூணோடு ஒட்டாதபடி தனி ஜாயிண்ட் விடணும், இல்லாவிட்டால் தூண் மூலையில் இருந்தே வெடிப்பு கிளம்பும். பிளேடு ஓரத்தைப் பிய்க்காத அளவு இறுகினதும் வெட்டிவிடணும். கோடையில் அது பெரும்பாலும் அன்று ராத்திரியே வந்துவிடும். மறுநாள் ஆள் வரட்டும் என்று விட்டால் கான்கிரீட் தானே இடம் பார்த்து வெடிக்கும்.

எண்ணூர்_காத்து:
நேரத்தைப் பற்றி யாரும் பேசலையே? கத்திரி வெயிலில் மதியம் கடல் காத்து திரும்பும் வரைக்கும் மேற்கே இருந்து வறண்ட காத்துதான். 10 மணி என்பது அதுக்கு நேரே தலையைக் கொடுக்கிற மாதிரி. சதுர மீட்டருக்கு மணிக்கு 1 கிலோ தண்ணீர் ஆவியானால் ஆபத்து என்பது வழக்கமான கணக்கு. பிபிசி மெதுவாக இறுகும், தண்ணீரும் குறைவாகத்தான் மேலே விடும். அதனால் இதுக்கு அதில் பாதி ஆவியானாலே ஆபத்துதான். சாயந்திரம் 5 மணிக்கு மேல் ஊற்றுங்கள். காத்து வரும் பக்கம் தார்பாய் கட்டுங்கள். மட்டம் அடித்ததும் பாலிதீன் ஷீட் மூடி, ஃபினிஷ் பண்ணும் இடத்தை மட்டும் திறங்கள். கரணை போடும்போது தண்ணீர் தெளிப்பது, சிமெண்ட் தூவுவது இரண்டும் வேண்டாம். க்யூரிங் (ஈரம் காயாமல் வைப்பது) பிபிசிக்குக் குறைந்தது 10 நாள், 14 நாள் என்றால் நல்லது.

தரைதளம்:
வலையை எடுக்கணும் என்றால் மேக்ரோ ஃபைபர் (தடித்த, நீளமான பிளாஸ்டிக் இழை) கன மீட்டருக்கு 3 முதல் 5 கிலோ, இல்லை ஸ்டீல் ஃபைபர் 20 முதல் 30 கிலோ. அதுவும் ஃபோர்க்லிஃப்ட் சக்கர பாரம், ரேக் பாரம் பார்த்து டிசைனர் சொல்லணும். கடல் பக்கம் ஸ்டீல் ஃபைபர் மேலே தெரிந்தால் துருக்கறை வரும். இப்போ இருக்கும் வலை மேல் மூன்றில் ஒரு பங்கில் நிற்குதா என்று பாருங்கள். நிறைய இடத்தில் மண்ணோடு படுத்துக் கிடக்கும், அப்படிக் கிடந்தால் அது இருந்தும் இல்லாத மாதிரி. இன்னொன்று, தாழ்ந்த நிலத்தை மண் கொட்டி மேடாக்கின இடமா? அடி மண் இறங்கினால் எந்த ஃபைபரும் காப்பாற்றாது. 150 மி.மீ. அடுக்காக ரோலர் ஓட்டியிருக்கணும்.

மணலி_சைட்:
நன்றி. வலையும் கட்டிங்கும் இருக்கட்டும், ஃபைபரும் போடுகிறோம். மேலே முடி முடியாக நீட்டிக்கொண்டு நிற்காதா? வெடித்த பட்டையை என்ன செய்வது?

கலவைக்கணக்கு:
கொஞ்சம் நிற்கும். பவர் ட்ரோவல் (தரையைத் தேய்த்து வழவழப்பாக்கும் மெஷின்) சீக்கிரம் இறக்கினால் அதிகமாக இழுத்துவிடும். காலடி 3 மி.மீ.க்கு மேல் பதியாத நேரம் பாருங்கள். மிச்சம் வண்டி ஓட ஓடத் தேய்ந்துவிடும். பழைய பட்டையில் சிமெண்ட் பால் ஊற்றினால் நிற்காது. இந்த மாதிரி வெடிப்பு சில சமயம் முழுக் கனத்துக்கும் இறங்கியிருக்கும். நன்றாகக் காய்ந்தபின் தூசியை ஊதிவிட்டு, தண்ணீர் மாதிரி ஓடும் எபாக்ஸி (இறுகி ஒட்டும் பசை) ஊற்றுங்கள்.