பதில்: உட்கிடையா, குறிப்புப்பொருளா?

அன்பர்களே,

நம் மொழியியல் சொற்பட்டியலில் 'இம்ப்ளிகேச்சர்' (implicature, நேராகச் சொல்லாமல் உணர்த்தும் பொருள்) என்பதற்கு 'உட்கிடை' போதும் என்ற யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. உட்கிடை என்றால் சொல்லுக்குள்ளேயே கிடப்பது. இந்தக் கருத்தை வகுத்த மெய்யியலாளர் பால் கிரைஸ் 1967-இல் ஹார்வர்டு உரைகளில் முக்கியமாக எடுத்துக்காட்டியது, பேச்சின் இடத்தையும் சூழலையும் பார்த்துக் கேட்பவர் ஊகித்துக்கொள்ளும் பொருளை.

"கட்டுரையை முடித்துவிட்டீர்களா?" என்று கேட்கிறோம். "இப்போதுதான் கணினியைத் திறந்தேன்" என்று பதில் வருகிறது. 'இல்லை' என்ற சொல்லே அதில் கிடையாது, ஆனாலும் இல்லை என்று புரிந்துவிடுகிறது. இந்தப் பொருளைப் பேசியவரே விலக்கவும் முடியும். "சிலர் வந்தார்கள்" என்றால் எல்லோரும் வரவில்லை என்று எடுத்துக்கொள்வோம். "சிலர் என்ன, எல்லோருமே வந்தார்கள்" என்று அவர் தொடர்ந்தால் முரண் ஏதும் இல்லை. "அவரைக் கொன்றார்கள், ஆனால் அவர் சாகவில்லை" என்று யாராலும் சொல்ல முடியாது. இப்படி விலக்க முடியாததற்குத்தான், அதாவது 'என்டெயில்மென்ட்'டுக்குத்தான், உட்கிடை கச்சிதமாகப் பொருந்தும். அதை அங்கேயே வைத்துக்கொள்வோம்.

'மறைபொருள்' வேண்டவே வேண்டாம். பேசுகிறவர் எதையும் மறைக்கவில்லை, புரியவேண்டும் என்றே சொல்கிறார்.

என் பரிந்துரை 'குறிப்புப்பொருள்'. 'குறிப்பின் தோன்றல்' என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலேயே இருக்கிறது. நன்னூல் வெளிப்படை, குறிப்பு என்று பிரிக்கிறது. அதனால் நேர்பொருளுக்கு 'வெளிப்படைப்பொருள்' என்ற இணையும் கிடைத்துவிடுகிறது. குறிப்பு என்றால் இன்று 'நோட்ஸ்' என்றாகிவிட்டதே என்பார்கள். குறிப்பறிந்து நடப்பவர் என்று இன்றும் சொல்கிறோம். திருக்குறளில் குறிப்பறிதல் என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. அந்தப் பொருள் செத்துவிடவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும்: நன்னூல் ஆகுபெயரையும் குறிப்பில் அடக்குகிறது. நாம் அதைவிடக் குறுகலாக ஆள்கிறோம் என்று சொற்பட்டியலில் விளக்கம் சேர்க்கவேண்டும்.

எனக்குச் சிக்கலாகப் படுவது உம்மைதான். "சாத்தனும் வந்தான்" என்றால் வேறொருவரும் வந்திருக்கிறார். இலக்கணத்தில் இது எச்சவும்மை. சூழல் எதுவானாலும் இந்தக் குறிப்பு 'உம்'மை ஒட்டியே வரும், எளிதில் விலக்கவும் முடியாது. சொல்லோடு ஒட்டிய இந்த வகையைக் கிரைஸ் தனியாகப் பிரித்தார். இதைச் 'சொல்வழிக் குறிப்பு' என்றும், சூழலிலிருந்து ஊகிக்கும் மற்றதைப் 'பேச்சுவழிக் குறிப்பு' என்றும் வைக்கலாம் என நினைக்கிறேன். 'உரையாடல்சார்' என்று நீட்டுவதைவிட இது வாயில் எளிதாக வருகிறது.

'இம்ப்ளிகேட்' என்ற வினைக்குக் 'குறிப்புணர்த்து' சரிப்படுமா? "இவ்வாறு குறிப்புணர்த்தினார்" என்று எழுதிப் பார்த்துச் சொல்லுங்கள்.