சரஸ்வதி பூசைக்குச் சந்தேஷ்: எந்தப் பால், எந்த வெல்லம்?

கேள்வி (ஜார்ஜ்டவுன்): வணக்கம். சரஸ்வதி பூசையன்று கொலுவுக்கு வருவோருக்குச் சுண்டலோடு, திரித்த பாலில் செய்யும் வங்காளத்து இனிப்பான சந்தேஷும் கொடுக்க விரும்புகிறேன். பெட்டிப் பாலில் செய்யலாமா? வங்காளிகள் சேர்க்கும் ஈச்ச வெல்லத்துக்குப் பதிலாக இங்கே மலேசியாவில் எதைச் சேர்ப்பது?

மறுமொழி (செந்தூல்): பெட்டிப் பால் வேண்டாம், அக்கா, மிகுந்த சூட்டில் பதப்படுத்தியிருப்பதால் அது சரியாகத் திரளாது. பசும்பால் 2 லிட்டரைக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்துச் சற்று ஆறிய பின், தண்ணீர் கலந்த எலுமிச்சைச் சாற்றைச் சிறிது சிறிதாக ஊற்றி, இளம்பச்சையாகத் தெளிந்த நீர் பிரிந்ததும் நிறுத்திவிடுங்கள். மேலும் ஊற்றினால் திரள் இறுகிவிடும். துணியில் வடித்து, புளிப்புப் போகக் குளிர்ந்த நீரில் அலசித் தொங்கவிட்டு, ஈரம் முழுதும் வற்றுவதற்குள் உள்ளங்கையின் அடிப்பகுதியால் தேய்த்துப் பிசையுங்கள். விரலில் மணலாக நெருடாமல், கையில் லேசாக நெய்ப்பசை தெரிகிற வரை பிசைவதில்தான் சந்தேஷின் உயிரே இருக்கிறது.

மறுமொழி (பட்டர்வொர்த்): ஈச்ச வெல்லத்துக்குப் பதில், தென்னம்பாளைப் பதநீரில் காய்ச்சிய குலா மெலாக்கா வெல்லத்தைச் சேர்க்கலாம். அதன் மணம் வேறு, ஆயினும் நன்றாகவே பொருந்தும். திரளின் அளவில் மூன்றில் ஒரு பங்கு வெல்லத்தைத் துருவிச் சேர்த்துச் சிறு தீயில் கிளறி, சட்டியில் ஒட்டாமல் சுருண்டதும் இறக்கிவிடுங்கள்.

மறுமொழி (பிரிக்ஃபீல்ட்ஸ்): திரிந்த பாலைப் படைக்கலாகாது என்று வீட்டுப் பெரியவர்கள் கருதினால், தேங்காய்த் துருவலை வெல்லத்தோடு கிளறி உருட்டும் நார்கேல் நாருவைச் செய்யுங்கள், அம்மா, துர்கா பூசையை அடுத்த பௌர்ணமியில் வங்காளிகள் லட்சுமிக்குப் படைப்பது அதுவே.