புதுப்பிப்பு: வெளுத்துப்போன படகுக்கு மெருகு ஏறியது

மலேசியாவின் பாகான் டத்தோவில் நிற்கும் என் படகின் நீலச் சாயம் வெளுத்து, தடவினால் சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டுகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். மெழுகு பூசச் சொன்னீர்கள். பூசினேன், இரண்டே வாரத்தில் பழைய கதை. செத்த சாயத்தின் மேல் மெழுகு என்ன செய்யும்?

அப்புறம் தோட்டத்து லாரிகளுக்குச் சாயம் அடிக்கும் அண்ணன் ஒருவர் வந்தார். மிக நைசான 2000 நம்பர் மணல்தாளை நனைத்து லேசாகத் தேய்த்தோம். பிறகு காம்பவுண்ட் (செத்த சாயத்தைத் தேய்த்தெடுக்கும் பசை), பாலிஷ், கடைசியில்தான் மெழுகு. எல்லாம் நிழலில், வெயிலில் காம்பவுண்ட் காய்ந்து பிடித்துக்கொள்ளும். விளிம்புகளில் பாலிஷ் மெஷினை வைக்கவே அவர் விடவில்லை. அங்கே சாயம் மெல்லிசு, ஒரு நொடியில் அடிப்பூச்சு தெரிந்துவிடுமாம்.

இப்போது கடலுக்குப் போய்வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, தார்ப்பாய் போட்டுவிடுகிறேன். இடது பக்கம் இன்னும் பாக்கி. தோள் வலி!