அமைதியான பிள்ளையா, அலுத்துப்போன பிள்ளையா?

ஆசிரியர் நண்பர்களுக்கு வணக்கம். ஒரு யோசனை வேண்டும்.

என் ஏழாம் வகுப்பில் காதுக்கருவி போட்ட பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். படிப்பில் குறையில்லை. மதியமானால் கருவியைக் கழற்றி ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்துவிட்டு மேசையில் தலை சாய்த்துவிடுவாள். வகுப்பே சிரிக்கும்போது, பக்கத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நொடி கழித்துத்தான் இவள் சிரிப்பாள். அந்த இரண்டு நொடிதான் என்னை உறுத்துகிறது.

பிள்ளைகளின் மனநிலை, நடத்தைச் சிக்கல்களை அறிய உதவும் எஸ்.டி.க்யூ. (SDQ) என்கிற 25 கேள்விப் படிவத்தில் ஆசிரியருக்கானதை நிரப்பிப் பார்த்தேன். அடிக்கடி தலைவலி என்கிறாளா? கவனம் சிதறுகிறதா? தனியாகவே இருக்கிறாளா? எல்லாமே 'உண்மை' என்றுதான் விழுகிறது. ஆனால் காலையிலிருந்து உதட்டசைவைப் பார்த்தே பாடம் பிடிக்கிற பிள்ளைக்குத் தலை வலிக்காமல் என்ன செய்யும்? நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பேசினால் (பேசுகிறேன், பழக்கதோஷம்) கவனம் எங்கே நிற்கும்? இதில் எது மனவருத்தம், எது வெறும் களைப்பு?

சக ஆசிரியர்கள், "அமைதியான பிள்ளை, தொந்தரவே இல்லை" என்கிறார்கள். எனக்குப் பயமே அதுதான்.

செவித்திறன் குறைந்தோர் பள்ளியில் வேலை பார்த்தவர்கள், சிறப்பாசிரியர்கள் சொல்லுங்கள். நீங்கள் எதை வைத்துக் கண்டுபிடிக்கிறீர்கள்? அவளுக்கும் சைகை மொழி தெரியாது, எனக்கும் தெரியாது. இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 2021-இல் 10,000 சொற்களோடு வெளியிட்ட அகராதியிலிருந்து கோபம், பயம், சலிப்பு என நாலைந்து சைகைகளை மொத்த வகுப்புக்கும் சொல்லிக்கொடுக்கலாமா? இல்லை, அவளைத் தனியாகக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமா? செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.