புக்கெரோவுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

பண்டைய இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கரின் கறுப்பு மட்கலமான புக்கெரோவுக்குக் 'கருங்கலம்' போதும் என்று முந்தைய மடலில் வந்த யோசனை பற்றி இது. சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நிறத்தை மட்டும் சொல்கிறது, என் தயக்கம் அங்கேதான்.

கி.மு. 7ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் இன்றைய செர்வெத்தேரி ஊர்ப் பக்கம் தொடங்கிய கலம் இது. மேலே கறுப்புப் பூச்சு கிடையாது. உடைத்துப் பார்த்தால் ஓட்டின் உள்ளும் கறுப்பு. காற்றை அடைத்துச் சுடுவதால் களிமண்ணில் உள்ள சிவப்பு இரும்பு ஆக்சைடு ஆக்சிஜனை இழந்து கறுத்துவிடுகிறது. சுடும் முன்பே தேய்த்து மெருகேற்றியிருப்பதால் உலோகம்போல மின்னும்.

காற்றை மூடி எரிப்பதற்கு நம்மிடம் சொல் இருக்கிறதே! ராமநாதபுரத்தில் சீமைக்கருவேல விறகை அடுக்கி மண்பூசிக் கரியாக்குவதைக் கரிமூட்டம் என்கிறோம். ஆகவே என் பரிந்துரை 'மூட்டக்கலம்'. பிற்காலத்துத் தடித்த வகை கனத்த மூட்டக்கலம், தொடக்ககால மெல்லிய வகை சன்ன மூட்டக்கலம். கீழடி, ஆதிச்சநல்லூர் பற்றி எழுதும்போது வரும் கறுப்பு-சிவப்பு மட்கலத்தோடும் குழம்பாது.

புக்கெரோ என்ற பெயரையே வைத்துக்கொள்ளலாமே என்பவர்களுக்கு: அது எட்ருஸ்கர் வைத்த பெயர் இல்லை. ஸ்பானிய மொழியில் ஒருவகை மணமுள்ள மண்பாத்திரத்துக்கு இருந்த பெயர், இத்தாலி வழியாக இதில் ஒட்டிக்கொண்டது.

பெயர்க் குழப்பம் இந்தத் துறையில் பழசு. 1769 ஜூன் 13 அன்று மட்கலத் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட் இங்கிலாந்தில் தம் புதிய ஆலையைத் திறந்து, அதற்கு எட்ருஸ்கரின் நாடான எட்ரூரியாவின் பெயரையே வைத்தார். அன்று வனைந்த கறுப்புச் சாடிகளில் 'எட்ரூரியாவின் கலைகள் மறுபடி பிறக்கின்றன' என்று லத்தீனில் எழுதியிருக்கும். ஆனால் அவற்றின் சிவப்பு உருவங்கள் வில்லியம் ஹாமில்டன் என்பவரின் பழஞ்சாடிச் சேகரிப்பிலிருந்து எடுத்தவை. மூலச் சாடி கிரேக்கருடையது. இத்தாலியக் கல்லறைகளில் கிடைத்ததால் அப்படிப்பட்ட கிரேக்கச் சாடிகளை எல்லாம் எட்ருஸ்கம் என்று அக்காலத்தில் நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் ஐரோப்பிய அலங்காரப் பீங்கான்களில் 'எட்ருஸ்க பாணி' என்ற ஒரு மோகத்தையே கிளப்பிவிட்டது.

வெட்ஜ்வுட்டின் கறுப்பும் வேறு வகை. களிமண்ணிலேயே இரும்பு ஆக்சைடும் மாங்கனீசும் கலந்து வந்த கறுப்பு அது. இரண்டையும் கருங்கலம் என்று எழுதினால் அதே பழைய குழப்பத்தைத் தமிழிலும் கொண்டுவந்துவிடுவோம். வெட்ஜ்வுட்டின் கலத்தைப் பசால்ட் என்ற கரும்பாறையின் பெயரால் 'பசால்ட் கலம்' என்றே எழுதலாம், அவர் வைத்த பெயரும் அதுதான்.

இன்னொன்று மிச்சம் இருக்கிறது. அந்தச் சிவப்பு உருவங்கள் வரைந்த முறைக்கு 1769இல் அவர் காப்புரிமை வாங்கினார். 'என்காஸ்டிக்' என்று அவர் சொன்னதால் அகராதிகளைப் பார்த்து மெழுகு வண்ணம் என்று எழுதத் தோன்றும். அதில் மெழுகே இல்லை; கலத்தோடு சேர்த்துச் சூளையில் சுடும் வண்ணம் அது. 'சூளை வண்ணம்' சரியாக வருமா? மட்பாண்டத் தொழில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.