கலைச்சொல் தேவை: ‘ட்ரைபல் ஜஸ்டிஸ் சிஸ்டம்’

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புடையீர், வணக்கம். சட்டக்கல்லூரி மாணவர்களுக்கான ஒப்பீட்டுச் சட்டப் பாடநூலில், அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பழங்குடிகளின் நீதிமன்றங்களைப் பற்றிய இயலைத் தமிழாக்கி வருகிறேன்; வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். அந்நீதிமன்றங்களை வலுப்படுத்தப் பயிற்சியும் ‘டெக்னிகல் அசிஸ்டன்ஸ்’ எனப்படும் உதவியும் சட்ட உதவியும் கிடைப்பதற்கென்றே அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசு 2000-இல் தனிச்சட்டம் இயற்றியது. நீதிபதிகளையும் எழுத்தர்களையும் பயிற்றுவித்தல், சட்டத்தொகுப்பு வரைதல், வழக்கு ஆவணங்களைப் பேணுதல் போன்ற பணிகளுக்கான உதவியைத் ‘தொழில்நுட்ப உதவி’ என்று எழுதினால், கணினி வழங்குவதாகவே மாணவர் கொள்வர். தலைப்புச் சொல்லுக்குப் ‘பழங்குடி நீதி அமைப்பு’ என்று எழுதியிருக்கிறேன். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

தமிழாசிரியர் மறுமொழி:

‘துறைசார் உதவி’ என்பதே போதும். ஆனால் ‘நீதி’ ஏன்? மதுரைக்காஞ்சி ‘அறங்கூறு அவையம்’ என்கிறது; உறந்தை அவையத்து அறத்தைப் புறநானூறு பாடுகிறது; ‘முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்’ என்னும் குறளில் முறை என்பதே நீதி. ஆகவே ‘தொல்குடி முறைமன்றம்’ என்பது என் பரிந்துரை. அமெரிக்கப் பழங்குடிகளுள் ஒரு குடியினரான நவஹோ மக்கள் 1982-இல் தம் மரபுவழி இணக்க முறையை நீதிமன்றத்தோடு இணைத்தபோது, அதை நடத்தும் பெரியவரை அழைத்த சொல் ‘நாட்டானி’ என்பதுபோல் ஒலிக்கிறது. நம் ‘நாட்டாண்மை’யோடும், சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘நாட்டார்’ அவையோடும் இதை ஒப்புநோக்க வேண்டாமா?

சட்ட ஆசிரியர் மறுமொழி:

ஐயா, நவஹோ மொழி அத்தபாசுகன் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் உறவு மொழிகள் அலாசுகாவிலும் வடமேற்குக் கனடாவிலும் வழங்குகின்றன. ஒலியொப்புமை ஒன்றே உறவுக்குச் சான்றாகாது. அதைவிட, ‘நாட்டாண்மை’ என்று எழுதினால் மாணவர் மனத்தில் கட்டப்பஞ்சாயத்துதான் தோன்றும் என்பதே என் பெருங்கவலை. இப்பழங்குடி மன்றங்களோ எழுதப்பட்ட சட்டங்களோடு இயங்கும் நீதிமன்றங்கள். செரோக்கிப் பழங்குடியினரின் நிலத்தில் சார்சியா (ஜார்ஜியா) மாநிலச் சட்டம் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1832-இலேயே தீர்ப்பளித்தது. பின்னர் 1978-இல் அதே நீதிமன்றம், பழங்குடியல்லாதார் மீது குற்றவழக்கு நடத்தும் அதிகாரம் இவற்றுக்கு இல்லை என்றது. 2013-இல் காங்கிரசு குடும்ப வன்முறை வழக்குகளில் அவ்வதிகாரத்தின் ஒரு பகுதியை மீட்டளித்தது. 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு குற்றத்துக்கு ஓராண்டாக இருந்த சிறைத்தண்டனை வரம்பை மூன்றாண்டாக உயர்த்த வேண்டுமானால், சட்டம் பயின்ற நீதிபதியும், குற்றஞ்சாட்டப்பட்ட ஏழைக்குப் பழங்குடி அரசின் செலவில் வழக்கறிஞரும், நடவடிக்கைப் பதிவும் வேண்டும். ஆகவே பயிற்சி இங்கு அருளிக்கொடுக்கும் சலுகையன்று. நீதிமன்றத்தின் அதிகார எல்லையே அதைப் பொறுத்திருக்கிறது. இதனால்தான் ‘பழங்குடி’ என்னும் சொல்லும் எனக்கு நிறைவளிக்கவில்லை. நம் நாட்டில் அது அட்டவணையில் இடம்பெற்ற ஒரு பிரிவையே குறிக்கிறது. அங்கோ அவை அரசுகள். ‘தன்னாட்சிக் குடிகளின் நீதி அமைப்பு’ என்று எழுதலாமே?

கல்லூரி ஆசிரியை ஒருவர்:

‘முறைமன்றம்’ மன்றத்தை மட்டுமே சுட்டும். காவலும் வழக்காடுநரும் இணக்கப் பெரியவர்களும் அடங்கிய முழுமையை ‘அமைப்பு’ என்பதே ஏற்கும். ‘தன்னாட்சிக் குடிகள்’ சரியானதே என்றாலும், தேர்வில் மாணவி தேடும் சொல் ‘பழங்குடி’தான். முதற்பக்கத்தில் ஒரு வரி விளக்கம் தந்து, பழங்குடி என்றே எழுதலாம் என்பது என் கருத்து.

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் நன்றி. நூலில் ‘பழங்குடி நீதி அமைப்பு’, ‘துறைசார் உதவி’ என்றே இடுகிறேன். இவ்விழையில் பெரும்பான்மையர் இசைந்தது அதுவே. அரசுகள் என்னும் விளக்கத்தை இயலின் தொடக்கத்தில் சேர்த்துவிட்டேன்.

சட்ட ஆசிரியர்:

விளக்கத்துக்கு நன்றி. ஆனாலும் இச்சொல்லை நான் ஏற்கவில்லை. விளக்கம் முதற்பக்கத்தோடு நின்றுவிடும். சொல் ஒவ்வொரு பக்கத்திலும் வரும். மறுபதிப்பின்போது இதை மீண்டும் எழுப்புவேன்.