வடக்கு வெளிச்சமும் வலை பொத்திய பெரியவரும்

கட்டடக்கலை மாணவி, நான்காம் ஆண்டு:

இராமநாதபுரம் கடற்கரையில் கட்டடம், ஓவியம் சார்ந்து வேலை பார்த்தவர்கள் இருந்தால், உங்கள் எண்ணத்தை மாற்றிய ஒரு சந்திப்பை எழுதுங்கள். என்னுடையதை முதலில் வைக்கிறேன்.

இந்தப் பருவத்தில் எனக்குக் கொடுத்த பணி ஒரு சிறிய ஓவியக் கூடம். பரப்பு 1,600 சதுர அடி. இடம் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே, பனைகளை ஒட்டிய மணல்மேடு. பாம்பனையும் தனுஷ்கோடியையும் வரைந்த நீர்வண்ண ஓவியங்களை அங்கே மாட்ட வேண்டும். ஓவியக் கூடம் என்றால் வடக்கு வெளிச்சம் என்றுதான் முதலாம் ஆண்டிலிருந்து படித்திருக்கிறோம். அந்தப் பக்கம் நேர்வெயில் விழாது, வெளிச்சம் நாள் முழுக்க ஒரே சீராக இருக்கும் என்பது பாடம். நானும் ரம்பப்பல் கூரை, அதாவது ரம்பத்தின் பற்களைப் போல ஒருபுறம் சரிவும் மறுபுறம் நிமிர்ந்த கண்ணாடியுமாக வரிசையாக வரும் கூரை போட்டு, கண்ணாடியெல்லாம் வடக்கே பார்த்திருக்கும்படி வரைந்தேன். வகுப்பில் ஒருவரும் மறுக்கவில்லை.

மே மாதக் கடைசி வாரத்தில் இடத்தை அளக்கப் போனேன். மூலைகளில் ஒரு மீட்டர் உயரக் குச்சிகளை ஊன்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த ஓலைக் கொட்டகையின் இறவாணத்தடியில் ஒரு பெரியவர் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். பச்சை நைலான் நூல் சுற்றிய ஊசி, கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்த கண்ணி. என்ன கட்டப்போகிறாய் என்று கேட்டார். அட்டை மாதிரியைக் காட்டினேன்.

"வடக்கே இவ்வளவு கண்ணாடி வைத்தால் உள்ளே வெயில் அடிக்குமே, தாயி" என்றார்.

"வடக்கில் வெயில் வராது, ஐயா" என்றேன்.

அவர் வாதம் செய்யவில்லை. வலை ஊசியை நீட்டி நான் ஊன்றிய குச்சியைக் காட்டினார். மணி 12.10. குச்சியின் நிழல் ஏறக்குறைய ஒரு சாண். அது தெற்கே விழுந்திருந்தது. அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தேன்: அவர் உட்கார்ந்திருந்ததும் கொட்டகையின் தெற்குப் பக்கம்தான். "சித்திரை பிறக்கும்போது சூரியன் உச்சிக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு ஆவணி வரைக்கும் வடக்கேதான் நிற்கும். இந்த மாதங்களில் நாங்கள் வடக்குப் பக்கம் உட்காருவதில்லை" என்றார்.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தக் கரை 9.3 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சூரியன் தலைக்கு நேர் மேலே வருவது ஏப்ரல் 14ஐ ஒட்டி. திரும்பவும் வருவது ஆகஸ்ட் 29 வாக்கில். இடைப்பட்ட நாலரை மாதமும் நண்பகல் வெயில் வடக்கிலிருந்துதான். உச்சிவெயிலைக்கூட ஒரு சன்ஷேடு போட்டுத் தடுத்துவிடலாம். காலையிலும் மாலையிலும் வடகிழக்கு, வடமேற்கிலிருந்து சாய்வாக நுழையும் வெயிலுக்கு ரம்பப்பல் கூரை வாசலைத் திறந்துவிட்டது போல ஆகிவிடும். வடக்கு வெளிச்சம் என்ற விதி கடக ரேகைக்கு மேலே இருக்கும் ஊர்களுக்குச் சரி. அங்கே நண்பகல் சூரியன் ஒருநாளும் வடபக்கம் வராது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ் போதும் என்பார்கள். வெளியே நேர்வெயில் ஒரு லட்சம் லக்ஸ். அந்த ஓவியங்கள் என் கூடத்தில் சில ஆண்டுகளிலேயே வெளிறிப்போயிருக்கும்.

மறுநாள் இராமநாதபுரம் அரண்மனையிலுள்ள இராமலிங்க விலாசத்துக்குப் போனேன். சேதுபதிகளின் ஓவியங்கள் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அந்தச் சுவர்களில் இருக்கின்றன. வெயிலிலிருந்து நுழைந்ததும் ஒன்றும் தெரியவில்லை. சற்று நேரம் நின்றேன். முதலில் சிவப்பு எழுந்து வந்தது, பிறகு ஒரு யானை, பிறகு வரிசையாக முகங்கள். கண் பழகுவதற்கு ஓர் இடம் கொடுத்தால் குறைந்த வெளிச்சமே போதும் என்பது அங்கே நின்றபோது விளங்கியது. பாடத்திலும் இது இருந்தது. நான் வரிக்கு வரி படித்தும் இருக்கிறேன்.

கீழக்கரை, கட்டட மேற்பார்வையாளர்:

வெயிலைப் பற்றி எழுதிவிட்டீர்கள், உப்பைப் பற்றி நான் எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கடலோரத்தில் ஒரு சிறு காட்சிக்கூடத்தைப் பழுதுபார்க்க அழைத்தார்கள். கட்டி பத்து வருடம்கூட ஆகவில்லை. கூரையைச் சுத்தியல் காம்பால் தட்டினேன், பொத்தென்று சத்தம் கேட்டது. இரண்டாவது தட்டுக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு சில்லு கழன்று கீழே இருந்த படத்தின் சட்டத்தில் விழுந்தது. உள்ளே கம்பி இதழ் இதழாக உரிந்திருந்தது. துரு, தான் அரித்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும், அந்த நெருக்கலில் கான்கிரீட் வெடிக்கும். கரைமணலைக் கழுவாமல் கலந்திருக்கிறார்கள், கம்பிக்கு மேல் இருந்த பூச்சு இரண்டு விரல்கடைகூட இல்லை. கடலோரக் கட்டடத்துக்குக் கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் வேண்டும் என்று கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது. வரைபடத்தில் அதை எழுதிவிட்டால் மட்டும் போதாது தங்கையே, கான்கிரீட் போடும் அன்று பக்கத்தில் நில்லுங்கள்.

எங்கள் ஊரின் பழைய ஜும்மா பள்ளிவாசல் கல்லால் ஆனது. அதில் துருப்பிடிக்கக் கம்பியே கிடையாது. இவ்வளவு சிறிய கூடத்துக்குக் கல்லும் சுண்ணாம்பும் ஏன் போதாது என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் பழைய வீடுகளைப் பார்த்துப் பவளக்கல் மீது ஆசைப்படாதீர்கள். 2001 முதல் பவளப்பாறைகள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. எடுக்கவும் கூடாது, எடுப்பதும் பாவம்.

தங்கச்சிமடம், ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்:

காகிதத்தில் வரைகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கண்காட்சி முடிந்து என் படங்களைத் திரும்ப வாங்கினேன். பாம்பன் பாலத்தை வரைந்த படத்தில், வானம் முழுக்க மிளகு தூவியதுபோலப் பழுப்புப் புள்ளிகள். பூஞ்சை. காகிதம் கண்ணாடியில் ஒட்டியபடி சட்டம் போட்டிருந்தார்கள். பகலில் மட்டும் குளிர்சாதனம் ஓடியது, இரவில் நிறுத்திவிடுவார்கள். அறைக்குள் வந்த கடற்காற்றின் ஈரம் குளிர்ந்திருந்த சுவரிலும் கண்ணாடியிலும் படிந்தது. நாற்பது நாள் உட்கார்ந்து வரைந்த வானம் அது. இன்றும் அதை மாட்டாமல் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

ஆகவே அம்மா, படத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்றுக்கு ஒரு விரல் இடம் விடுங்கள். வெளிச்சுவரில் காகித ஓவியத்தை மாட்டவே வேண்டாம். இன்னொரு வேண்டுகோள்: வாசலில் படிகளை உயர்த்திவிடாதீர்கள். மீன் விற்றுத் திரும்பும் பெண்கள் கூடையோடு உள்ளே வந்து பார்க்க வேண்டும். அந்தப் படங்களில் இருப்பது அவர்களுடைய கரை.

கட்டடக்கலை மாணவி:

ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி. ரம்பப்பல் கூரையை எடுத்துவிட்டேன். காகித ஓவியங்களுக்கு நடுவில் ஓர் அறை, அதற்கு வெளிச்சுவரே இல்லை. பக்கத்திலுள்ள சிறு முற்றத்தின் சுண்ணாம்புச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மட்டும் உயரமான ஒரு திறப்பின் வழியே உள்ளே வரும். வாசலிலிருந்து அந்த அறைக்குள் போக இரண்டு முறை திரும்பும் ஒரு நடை, அதற்குள் கண் பழகிவிடும். படி கிடையாது, சரிவுதான். சுவர் கல்லும் சுண்ணாம்பும்; கூரைக்குப் பனஞ்சட்டமும் ஓடும் போடலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேற்பார்வையாளர் அண்ணா, ஓட்டுக்கூரையைக் காற்று தூக்காமல் பிடிக்க இங்கே என்ன செய்கிறார்கள் என்று எழுதுவீர்களா?

அந்தக் குச்சிகளை மறுபடி மேட்டில் ஊன்றப்போகிறேன். ஆவணி நடுவில் நிழல் திரும்பும் நாளன்று புது மாதிரியைப் பெரியவரிடம் காட்ட வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து வரச் சொன்னார்.